யுரேனியம்: கட்டிவைக்கும் மண், அவிழ்த்துவிடும் தண்ணீர்

யுரேனியம் அரிதான உலோகம் அல்ல. பூமியின் மேலோட்டில் ஒரு டன் பாறைக்குச் சராசரியாக 2 முதல் 3 கிராம் வரை அது கலந்திருக்கிறது. வெள்ளியின் அளவைவிட இது பல மடங்கு அதிகம். கிரானைட் பாறைகளில் இன்னும் கூடுதலாக இருக்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 3.3 மைக்ரோகிராம் கரைந்திருக்கிறது. உலகக் கடல்கள் அத்தனையையும் கூட்டினால் 400 கோடி டன்னைத் தாண்டும். ஜெர்மன் வேதியியலாளர் மார்ட்டின் ஹைன்ரிக் கிளாப்ரோத் 1789-இல் இந்தத் தனிமத்தை அடையாளம் காண்பதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அது பாறையிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து கடலுக்கும், கடலடிச் சேற்றுக்கும், மறுபடி பாறைக்குமாகச் சுற்றிவருகிறது.

யுரேனியம் என்றதும் கதிரியக்கம்தான் நினைவுக்கு வரும். இயற்கை யுரேனியத்தில் 99 சதவீதத்துக்கு மேல் இருப்பது யுரேனியம்-238. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள். பூமியின் வயதுக்கு நெருக்கமானது. இவ்வளவு மெதுவாகச் சிதையும் பொருள் குடிநீர் வழியாக உடலுக்குள் போகும்போது, கதிர்வீச்சைக் காட்டிலும் வேதி நஞ்சாகவே அதிகம் தாக்குகிறது. பாதிக்கப்படுவது சிறுநீரகம். குடிநீருக்கு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் தற்காலிக வழிகாட்டு அளவு வைத்திருப்பதும் இந்த வேதி நச்சுத்தன்மையைக் கணக்கில் கொண்டுதான்.

ஆகவே ஓரிடத்தில் எவ்வளவு யுரேனியம் இருக்கிறது என்பது பாதிக் கேள்விதான். அது மண்ணோடு தங்குகிறதா, தண்ணீரோடு போகிறதா என்பது மறுபாதி. அதைத் தீர்மானிப்பவை மண்ணிலுள்ள கனிமங்களும், செடிகொடிகளும் நுண்ணுயிர்களும் மட்கி உண்டாகும் கரிம மூலக்கூறுகளும்.

நான்காம் நிலை, ஆறாம் நிலை

இயற்கையில் யுரேனியம் பெரும்பாலும் இரண்டு ஆக்சிஜனேற்ற நிலைகளில் காணப்படுகிறது. ஆக்சிஜன் எட்டாத ஆழத்திலும், சேற்றிலும், சதுப்பிலும் அது நான்காம் நிலையில் இருக்கும். இந்த நிலையில் உருவாகும் யுரேனினைட் என்ற கருநிறக் கனிமம் நீரில் கரைவதே இல்லை என்று சொல்லும் அளவுக்கு மிகக் குறைவாகக் கரையும். ஆக்சிஜன் பட்டுவிட்டால் யுரேனியம் ஆறாம் நிலைக்கு மாறி, இரண்டு ஆக்சிஜன் அணுக்களைத் தன்னோடு இறுகப் பிணைத்துக்கொண்டு யுரேனைல் அயனியாகிறது. அது நீரில் எளிதாகக் கரையும். இரும்பின் இயல்பு இதற்கு நேர்மாறானது. ஆக்சிஜன் பட்டால் இரும்பு துருவாகப் படிந்துவிடும். யுரேனியமோ கரைந்து கிளம்பிவிடும்.

தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் படுகையில் இதற்கு அழுத்தமான சான்று இருக்கிறது. 250 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய ஆற்றுப் படிவுகளில் தங்கத்தோடு யுரேனினைட் மணிகளும் உருண்டுவந்து படிந்திருக்கின்றன. அன்றைய காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாததால்தான் அவை கரையாமல் மணல்போல் ஆற்றோடு வர முடிந்தது. இன்றைய ஆறுகளில் யுரேனினைட் அப்படி நெடுந்தொலைவு தாக்குப்பிடிப்பது மிக அரிது.

நான்காம் நிலை என்றால் தங்கும், ஆறாம் நிலை என்றால் ஓடும் என்ற இந்தக் கணக்கைத்தான் பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. அடிப்படையில் அது சரியே. ஆனால் களத்தில் இரண்டு பக்கமும் விதிவிலக்குகள் ஏராளம். ஆறாம் நிலை யுரேனியத்தைப் பல லட்சம் ஆண்டுகள் பிடித்துவைக்கும் கனிமங்கள் உண்டு. நான்காம் நிலை யுரேனியம் நீரோடு பயணம் செய்வதும் உண்டு.

கனிமங்களின் பிடி

நிலத்துக்கடியில் யுரேனைல் அயனியைப் பிடிப்பதில் முன்னணியில் நிற்பவை இரும்பு ஆக்சைடுகள். செம்மண்ணுக்கு நிறம் தரும் அதே பொருள்கள்தான். அவற்றின் துகள்கள் மிகச் சிறியவை. அதனால் மொத்தப் பரப்பு மிக அதிகம். நீரின் பிஎச் 5-க்கும் 8-க்கும் இடையில் இருக்கும்போது யுரேனைல் அயனி அந்தப் பரப்பிலுள்ள ஆக்சிஜன் அணுக்களோடு நேரடியாகப் பிணைந்துகொள்கிறது. வேதியியலில் இதற்குப் பரப்புக் கவர்ச்சி என்று பெயர். நீர் அமிலமானால் பிடி தளரும்; காரத்தன்மை கூடிக் கார்பனேட்டும் சேர்ந்தால் அப்போதும் தளரும்.

ஆஸ்திரேலியாவின் வடக்கு மண்டலத்தில் உள்ள கூங்காராவில் இது மனிதத் தலையீடு இல்லாமலே நீண்ட காலமாக நடந்துவருகிறது. அங்கே யுரேனியத் தாதுவின் மேற்பகுதி மழைநீரால் சிதைந்து, கரைந்த யுரேனியம் நிலத்தடி நீரின் திசையில் விசிறிபோல் பரவியது. ஆனால் வெகுதூரம் போகவில்லை. தாதுவுக்கு அருகில் அது மக்னீசியத்தோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்து சலீயைட் என்ற மஞ்சள் கனிமமாக உறைந்தது. சற்றுத் தள்ளி, இரும்பு ஆக்சைடுகளில் ஒட்டிக்கொண்டது. அணுக்கழிவைப் புதைத்துவைத்தால் யுகக்கணக்கில் என்ன ஆகும் என்பதைக் கணிக்க, பல நாட்டு ஆய்வாளர்கள் கூங்காராவை ஓர் இயற்கை மாதிரியாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள்.

பாஸ்பேட்டின் பிடி இன்னும் வலுவானது. யுரேனைல் பாஸ்பேட் கனிமங்கள் மிகக் குறைவாகவே கரையும். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட்டும் ஒரு பாஸ்பேட் கனிமம்தான். தோரியத்துக்குப் பேர்போன அதில் சுமார் 0.3 சதவீதம் யுரேனியமும் உண்டு. மூலப்பாறை சிதைந்து, மணிகள் ஆற்றில் உருண்டு, அலையில் அரைபட்ட பிறகும் அந்த யுரேனியம் படிகத்தைவிட்டு வெளியேறவில்லை.

களிமண்ணின் வேலை வேறு விதம். அது ஓரளவு யுரேனியத்தைத் தன் பரப்பில் ஈர்த்துக்கொள்ளும். அதைவிட முக்கியமாக, நீரோட்டத்தையே தடுத்துவிடும். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் சிகார் ஏரிப் பகுதியில், சுமார் 430 மீட்டர் ஆழத்தில் உலகின் மிகச் செறிவான யுரேனியத் தாதுக்களில் ஒன்று கிடக்கிறது. வயது ஏறத்தாழ 130 கோடி ஆண்டுகள். அதைச் சுற்றிக் களிமண் நிறைந்த உறை. தரையின் மேல் அதற்கான அடையாளமே கிடையாது.

இரும்பு சல்பைடு போன்ற கனிமங்கள் பிடிப்பதோடு நிற்பதில்லை. தம்மிடமுள்ள எலக்ட்ரானைக் கொடுத்து யுரேனியத்தை ஆறாம் நிலையிலிருந்து நான்காம் நிலைக்கு இறக்கிவிடுகின்றன. பின்னர் ஆக்சிஜன் உள்ளே நுழைந்தால் முதலில் தாமே ஆக்சிஜனேற்றம் அடைந்து, யுரேனியத்துக்குச் சிறிது கால அவகாசமும் வாங்கித் தருகின்றன. சுண்ணாம்புக் கனிமங்களோ வளரும்போதே யுரேனியத்தைத் தம் படிகத்துக்குள் சேர்த்துக்கொள்கின்றன. பவளப் பாறைகளின் வயதை யுரேனியம், தோரியம் விகிதத்தைக் கொண்டு கணக்கிட முடிவது இதனால்தான்.

கார்பனேட் அவிழ்க்கும் முடிச்சு

கனிமங்களின் இந்தப் பிடியைத் தளர்த்துவதில் கார்பனேட்டுக்கு நிகர் வேறில்லை. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொள்கிறது. வழியில் சுண்ணாம்பு இருந்தால் பைகார்பனேட்டும் கால்சியமும் நீரில் சேர்கின்றன. யுரேனைல் அயனி கார்பனேட்டோடு பிணைந்து அணைவுச் சேர்மமானால், இரும்பு ஆக்சைடின் பரப்பு அதற்கு முன்போல் கவர்ச்சியாக இருப்பதில்லை.

ஜெர்மனியின் சாக்சனியில் உள்ள ஷ்லேமா, இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் ஒன்றியத்துக்காக யுரேனியம் தோண்டப்பட்ட ஊர். அங்கிருந்த சுரங்கக் கழிவுக் குவியலிலிருந்து கசியும் நீரை லேசர் ஒளிர்வு முறையில் ஆராய்ந்தவர்கள், 1996-இல் அதுவரை கணக்கில் வராத ஒரு சேர்மத்தை அறிவித்தார்கள். ஒரு யுரேனைல், மூன்று கார்பனேட், இரண்டு கால்சியம். மொத்த மின்சுமை சுழியம். நேர்மின்னூட்டமும் இல்லை, எதிர்மின்னூட்டமும் இல்லை என்பதால் களிமண்ணோ ஆக்சைடோ அதை எளிதில் இழுக்க முடியாது. இந்தச் சேர்மம் உருவாகிவிட்டால் நுண்ணுயிர்கள் யுரேனியத்தை நான்காம் நிலைக்கு இறக்குவதும் மந்தப்படுகிறது என்று 2003-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கால்சியமும் கார்பனேட்டும் நிறைந்த நீர், நாம் சாதாரணமாகக் கடினநீர் என்று சொல்லும் நீர், யுரேனியத்துக்குத் திறந்துவிட்ட பாதை.

இந்தியாவில் இதன் விளைவு வெளிப்படையாகத் தெரிகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் 324 கிணறுகளைச் சோதித்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ராஜஸ்தானில் சோதித்த கிணறுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவைத் தாண்டியிருந்தன. யுரேனியத்தின் மூலம் பாறைகள்தான்; ஆனால் பைகார்பனேட் மிகுந்த நீரும், அளவுக்கு மீறி நீர் இறைத்ததால் ஆழத்துக்குள் ஆக்சிஜன் இறங்கியதும் அதைக் கரைத்துவிட்டன என்பது அவர்கள் தந்த விளக்கம். பஞ்சாபின் மால்வா பகுதியிலும் பைகார்பனேட்டே முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சுட்டப்படுகிறது. ஆந்திரத்தின் தும்மலப்பள்ளியில் யுரேனியம் டோலமைட் என்ற கார்பனேட் பாறைக்குள் இருப்பதால், அங்குள்ள ஆலை அமிலத்துக்குப் பதிலாகச் சோடியம் கார்பனேட் கலந்த காரக் கரைசலைக் கொண்டு தாதுவிலிருந்து அதைப் பிரிக்கிறது. ஆலை வெப்பமும் அழுத்தமும் கொடுத்து விரைவாகச் செய்வதை, நிலத்தடி நீர் பல ஆண்டுகளில் மெல்லச் செய்கிறது. இரண்டும் ஒரே வேதியியல்தான்.

மட்கின் இரண்டு முகங்கள்

இலை, வேர், மரத்துண்டு ஆகியவை மட்கும்போது உண்டாகும் பழுப்புநிறப் பொருள்களில் ஹியூமிக் அமிலம், ஃபல்விக் அமிலம் போன்ற கலவைகள் இருக்கின்றன. இவை ஒற்றை மூலக்கூறு அல்ல. பலவகை மூலக்கூறுகளின் திரள். அவற்றிலுள்ள கார்பாக்சில் தொகுதிகள் யுரேனியத்தை உறுதியாகப் பற்றிக்கொள்கின்றன. நீரில் இருப்பதைப்போல் ஏறத்தாழ 10,000 மடங்கு செறிவு வரை மட்கரி யுரேனியத்தைத் திரட்டிவைக்கும் என்று ஹங்கேரிய அறிவியலாளர் சாலாய் 1960-களிலேயே காட்டினார். ஸ்வீடனின் ஆலம் கருங்களிப்பாறையிலும், மேகாலயாவின் மகாதேக் மணற்பாறையிலும் யுரேனியம் சேர்ந்ததற்குப் பழங்காலக் கரிமப் பொருள்களே பெரும் காரணம்.

ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டிலுள்ள ஓக்லோ இதில் தனி இடம் பெறுகிறது. அங்கே சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் தாதுவுக்குள்ளேயே இயற்கையாக அணுப்பிளவுத் தொடர்வினை நடந்ததை பிரெஞ்சு அறிவியலாளர்கள் 1972-இல் கண்டறிந்தார்கள். அந்த இயற்கை உலைகள் சிலவற்றில் யுரேனியமும் பிளவு விளைபொருள்களும் சிதறிப்போகாமல் இன்றுவரை இருப்பதற்கு, அவற்றைச் சூழ்ந்து இறுகிய நிலக்கீல் போன்ற கரிமப் பொருள் துணைசெய்தது என்று 1991-இல் வெளியான ஆய்வு விளக்கியது.

கரிமப் பொருள் திடமாக, அசையாமல் இருக்கும் வரைதான் இந்தப் பாதுகாப்பு. அதே மட்கு நீரில் கரைந்தாலோ, நுண்ணிய கூழ்மத் துகள்களாக மிதந்தாலோ யுரேனியத்தைத் தன்னோடு சுமந்து செல்லும். பிரான்சின் லிமூசின் பகுதியில் பழைய யுரேனியச் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஒரு சதுப்பு நிலத்தை சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த குழுவினர் ஆராய்ந்து 2013-இல் எழுதினார்கள். அங்கே நான்காம் நிலை யுரேனியமே இரும்பும் கரிமப் பொருளும் கலந்த கூழ்மத்தில் ஒட்டிக்கொண்டு நீரோடு வெளியேறிக்கொண்டிருந்தது. கரையாது, ஆகவே நகராது என்ற நம்பிக்கை அங்கே பொய்த்தது.

கொலராடோ ஆற்றங்கரையின் பாடம்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பனிப்போர்க் காலத்து யுரேனிய ஆலைகள் பலவும் ஆற்றங்கரைகளில் அமைந்திருந்தன. அவை மூடப்பட்டபின் கழிவுக் குவியல்களை அகற்ற 1978-இல் சட்டம் வந்தது. கொலராடோ மாநிலத்தின் ரைஃபிள் நகரில் 1996-க்குள் குவியல்கள் அப்புறப்படுத்தப்பட்டன. மிச்சமிருந்த யுரேனியத்தை ஆற்றுநீரும் நிலத்தடி நீரோட்டமும் காலப்போக்கில் கழுவிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். அது நடக்கவில்லை.

இதற்கிடையே ஒரு புதிய வழி தென்பட்டது. 1991-இல் டெரெக் லவ்லியும் உடன் ஆய்வாளர்களும், சில பாக்டீரியாக்கள் இரும்பைப் போலவே யுரேனியத்துக்கும் எலக்ட்ரானைக் கொடுத்து, அதை நான்காம் நிலைக்கு மாற்றி வாழ முடியும் என்று அறிவித்தார்கள். ரைஃபிளில் 2002-இல் அத்தகைய பாக்டீரியாக்களுக்கு உணவாக நிலத்தடி நீருக்குள் அசிட்டேட்டைச் செலுத்திப் பார்த்தார்கள். ஜியோபேக்டர் வகை பாக்டீரியாக்கள் பெருகின. கரைந்திருந்த யுரேனியம் சில நாட்களிலேயே குறையத் தொடங்கியது. அவை பயன்படுத்தக்கூடிய இரும்பு தீர்ந்தபிறகு சல்பேட்டைக் கொண்டு வாழும் பாக்டீரியாக்கள் அந்த இடத்தைப் பிடித்தன. யுரேனியம் மறுபடி ஏறியது.

அப்படிப் படிந்த யுரேனியம் எந்த வடிவில் இருந்தது என்ற கேள்வி அடுத்த பத்தாண்டு ஆய்வுகளை நடத்திச் சென்றது. யுரேனினைட் படிகமாகத்தான் இருக்கும் என்றே முதலில் எண்ணினார்கள். சின்க்ரோட்ரான் கதிர்களைக் கொண்டு அணு அளவில் பார்த்தபோது பெரும்பங்கு படிகமே அல்ல என்று தெரிந்தது. தனித்தனி அணுக்களாக எதனோடோ ஒட்டிக்கொண்டிருந்த அது எளிதில் மறுபடி ஆக்சிஜனேற்றம் அடையக்கூடியது. எதனோடு ஒட்டியிருக்கிறது என்பதற்கு ஷாரன் போன் தலைமையிலான குழு 2017-இல் விடை தந்தது. கரிமப் பொருள் நிறைந்த இயற்கை வண்டலில், களத்தில் உள்ளதைப் போன்ற குறைந்த செறிவில், நான்காம் நிலை யுரேனியம் கரிமப் பொருளிலும், கரிமப் பொருள் பூசிய களிமண் துகள்களிலும்தான் பெரும்பாலும் ஒட்டிக்கொள்கிறது. பாக்டீரியா அதை மாற்றியதா, கனிமம் மாற்றியதா என்பதால் இந்த முடிவு மாறவில்லை. அதே ஆண்டில் வயோமிங் மாநிலத்தின் யுரேனியத் தாதுப் படிவு ஒன்றிலும் பாதிக்கு மேற்பட்ட யுரேனியம் இப்படிப் படிகமற்ற வடிவில் இருப்பதாகக் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள்.

இந்தக் கண்டுபிடிப்புகள் துறையின் அடிப்படை அனுமானம் ஒன்றை மாற்றின. கனிமம் ஒரு பக்கம், கரிமப் பொருள் மறுபக்கம் என்று பிரித்துக் கணக்கிட்ட மாதிரிகள் போதாது. மண்ணில் பெரும்பாலான களிமண் துகள்களின் மேல் கரிமப் படலம் படிந்திருக்கிறது. யுரேனியம் சந்திப்பது அந்தக் கூட்டுப் பரப்பைத்தான். ரைஃபிளில் பழைய ஆற்றுத் தடங்களில் புதைந்த மரக்கட்டைகளும் சுள்ளிகளும் சூழ்ந்த சிறு பகுதிகளே யுரேனியத்தின் கிடங்குகளாகியிருந்தன. நீர்மட்டம் ஏறி இறங்கும்போது அங்கே ஆக்சிஜன் நுழைகிறது, கிடங்கு சிறிது சிறிதாக நீருக்குள் யுரேனியத்தை விடுகிறது. கழுவிப்போகும் என்று எதிர்பார்த்த மாசு ஏன் போகவில்லை என்பதற்கு இது முக்கியமான விளக்கம்.

வயோமிங்கின் ரிவர்ட்டனில் இது இன்னும் கடுமையாக வெளிப்பட்டது. விண்ட் ரிவர் பழங்குடி ஒதுக்கீட்டு எல்லைக்குள் 1958 முதல் 1963 வரை நடந்த ஆலை அது. கழிவுக் குவியல் 1980-களின் இறுதியில் அகற்றப்பட்டது. 2010-இல் லிட்டில் விண்ட் ஆறு பெருக்கெடுத்து அந்தச் சமவெளியை மூழ்கடித்தபோது, நிலத்தடி நீரில் யுரேனியத்தின் அளவு திடீரென்று உயர்ந்தது. ஆலை நின்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகியும், மண்ணில் ஒட்டியிருந்த யுரேனியத்தை ஒரே வெள்ளம் கிளப்பிவிட்டது. அந்த நிலத்தில் தலைமுறைகளாக வாழும் கிழக்கு ஷோஷோனி, வடக்கு அரப்பஹோ மக்களுக்கு இது ஆய்வகக் கேள்வி அல்ல. குடிநீரும் மீனும் சார்ந்த கவலை.

உரமும் யுரேனியமும்

ஆக்சிஜன் மட்டும் அல்ல, வயலில் இடும் உரத்திலிருந்து வரும் நைட்ரேட்டும் இந்தக் கட்டை அவிழ்க்கும். நைட்ரேட் நான்காம் நிலை யுரேனியத்தை நேரடியாகவோ, நுண்ணுயிர்களும் இரும்பும் இடைநிற்கும் வினைகளின் வழியாகவோ ஆறாம் நிலைக்கு ஏற்றிவிடுகிறது. அமெரிக்காவின் ஹை பிளெய்ன்ஸ், கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு ஆகிய இரு பெரும் நீர்த்தாங்கிகளை ஆராய்ந்த நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தார், அங்குள்ள யுரேனிய மாசு நைட்ரேட்டோடு வலுவான தொடர்பு கொண்டது என்று 2015-இல் காட்டினார்கள். அந்த நீர்த்தாங்கிகளின் மேல், மாசு அளவு தாண்டிய பகுதிகளில் சுமார் 19 லட்சம் மக்கள் வாழ்கிறார்கள். அங்கே சுரங்கம் காரணம் அல்ல. பாறையில் இயல்பாக இருந்த யுரேனியத்தை வேளாண்மையின் வேதியியல் கிளப்பிவிட்டது.

எந்த மாசகற்றும் திட்டத்துக்கும் இங்கே ஒரு நேரடியான விளைவு இருக்கிறது. கரைந்த யுரேனியத்தின் அளவு குறைந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து ஓரிடம் தூய்மையாகிவிட்டது என்று அறிவிக்கக் கூடாது. எஞ்சியது பாஸ்பேட் கனிமத்துக்குள் இருந்தால் நிம்மதி கொள்ளலாம். மட்குப் படலத்தில் ஒட்டியிருந்தால் அடுத்த வெள்ளம், அடுத்த வறட்சி, அடுத்த உரமிடல் வரைதான் அந்தத் தூய்மை.

தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப் பாறை நிலம். கிரானைட்டையும் அதை ஒத்த பாறைகளையும் துளைத்து ஆழ்துளைக் கிணறுகள் ஆண்டுதோறும் ஆழமாகின்றன. வயல்களிலிருந்து நைட்ரேட் இறங்குகிறது. கடினநீர் பல மாவட்டங்களில் சாதாரணம். இத்தகைய இடங்களில் கிணற்று நீரைச் சோதிக்கும் அரசுத் துறைகள் யுரேனியத்தை மட்டும் அளந்து நிறுத்தாமல், பைகார்பனேட், கால்சியம், நைட்ரேட், பிஎச் நான்கையும் அதே மாதிரியில் அளந்து ஒன்றாக வெளியிட வேண்டும். கோடையிலும் மழைக்குப் பிறகும் என இருமுறை அளக்க வேண்டும். அளவு தாண்டிய ஊர்களில் எதிர்ச் சவ்வூடுபரவல் கருவிகள் யுரேனியத்தை நன்றாகவே பிரிக்கும். பிரித்தபின் வெளியேறும் கழிவுநீரை அதே நிலத்தில் விடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் கருவியை நிறுவுபவர்களுடையது.